புட்டிக்குள் எடுத்த அளவு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுக்கழிவு வாயுவிலிருந்து கதிரியக்க அயடீனைப் பிடிக்கும் நுண்துளைச் சேதனப் பொருட்கள் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இப்படியான விடயம் தமிழில் வருவதே எனக்குச் சந்தோசம். ஆனால் அந்தப் பொருள் தன் எடையைவிடப் பல மடங்கு அயடீனை உறிஞ்சும் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. அந்த அளவு எப்படி எடுக்கப்பட்டது?

பெரும்பாலும் மூடிய புட்டிக்குள், 75 பாகை செல்சியஸில், ஊதா ஆவி நிறைந்திருக்கும்போது எடுப்பார்கள். அயடீன் பளிங்கைச் சூடாக்கி அந்த ஆவியை உயர்தர மாணவருக்குப் பல வருடம் காட்டியவள் நான். அணு உலையில் பாவித்த எரிபொருளைத் திரும்பப் பயன்படுத்துவதற்காக நைத்திரிக் அமிலத்தில் கரைக்கும் மீள்பதப்படுத்தல் ஆலையில் நிலைமை அப்படியல்ல. அயடீன் மிகச் சொற்பம். நீராவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சேர்ந்தே வரும். அயடீனில் ஒரு பகுதி மெதயில் அயடைட்டு என்ற சேதனச் சேர்வையாக மாறியிருக்கும், அதைப் பிடிப்பது இன்னும் கஷ்டம். வெள்ளி ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் அயடீனை வெள்ளி அயடைட்டாகக் கட்டிவிடும், ஆனால் வெள்ளிக்கு விலை கொடுக்க வேண்டும். சேதனப் பொருளில் துளையின் அளவை நாமே தீர்மானிக்கலாம். மெதயில் அயடைட்டோடு தாக்கமுறும், நைதரசன் கொண்ட அமீன் கூட்டங்களையும் பதிக்கலாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் நைதரசன் ஒட்சைட்டுகள் அதே கூட்டங்களைச் சிதைக்கக்கூடும். அணு உலை வடிகட்டிகளில் பாவிக்கும் சிரட்டைக்கரிக்கும் இந்த ஒட்சைட்டுகள் ஆகாது. நம் நாடு ஏற்றுமதி செய்யும் அதே சிரட்டைக்கரியைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. கட்டுரை அயடீன்-131, அயடீன்-129 என்ற இரண்டு கதிரியக்கச் சமதானிகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. செர்னோபிலில் 1986இல் பாலோடு பிள்ளைகளின் தைரொயிட்டுக்குப் போனது 131; அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 8 நாள்தான். பல வருடம் ஆறவிட்ட எரிபொருளில் அது மிஞ்சாது. மிஞ்சுவது 129, அரைவாழ்வு சுமார் 1 கோடியே 57 இலட்சம் ஆண்டு. ஆகவே பிடித்தால் மட்டும் போதாது, விடாமல் வைத்திருக்கவும் வேண்டும்.

யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் நம் திருகோணமலைக் கடல் தொடும் அதே வங்கக் கடலின் கரையில், தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில், 1998 முதல் மீள்பதப்படுத்தல் ஆலை இருக்கிறது. இது நமக்குத் தூரத்து விடயம் இல்லை. அடுத்த முறை எழுதும்போது வெப்பநிலை என்ன, ஈரப்பதன் இருந்ததா, நைதரசன் ஒட்சைட்டு இருந்ததா என்பதை அந்த அளவுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை