கர்ப்பப்பையைச் சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மகப்பேறு மருத்துவர்களுக்கு வணக்கம்.

அடுத்தடுத்துக் கரு கலைந்து, கனத்த ஃபைலோடு உங்கள் அறைக்கு வெளியே காத்திருக்கும் பெண்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன். தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறைதல், கணவன் மனைவி இருவரின் குரோமோசோம் என்று வரிசையாக எழுதித் தருகிறீர்கள், நாங்களும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறோம். ஆனால் கரு ஒட்டி வளர வேண்டிய கர்ப்பப்பையை மட்டும் சாதாரண ஸ்கேனில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "யூட்ரஸ் நார்மல்" என்றோ "கர்ப்பப்பை கொஞ்சம் வீக்" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் நாங்கள் அடுத்த கர்ப்பத்துக்குப் போகிறோம். அது போதாது.

என் விஷயத்தையே சொல்கிறேன். உள்ளே மருந்து செலுத்தி எச்எஸ்ஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முக்கோணமாகத் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் கொம்புகள் பிரிந்து நின்றன. ஒரு மருத்துவர் அது பைகார்னுவேட், இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை என்றார். அதே ஃபிலிமைப் பார்த்த இன்னொருவர், நடுவில் செப்டம், அதாவது ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது, வெட்டிவிடலாம் என்றார். இருவரும் துளி சந்தேகம் இல்லாமல் சொன்னார்கள், அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் அந்த எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்லவே முடியாது.

பெண் சிசு தாய் வயிற்றில் இருக்கும்போதே இரண்டு முல்லேரியன் குழாய்கள் ஒன்றுசேர்ந்து கர்ப்பப்பை உருவாகிறது, சேர்ந்த பிறகு நடுச்சுவர் கரைந்துவிட வேண்டும். சுவர் கரையாமல் நின்றால் செப்டம். குழாய்களே மேல்பக்கம் சரியாகச் சேராமல் போனால் பைகார்னுவேட். உள்ளிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் கர்ப்பப்பையின் வெளி உச்சியில் இருக்கிறது: செப்டத்தில் அது ஏறக்குறைய மட்டமாக இருக்கும், பைகார்னுவேட்டில் நன்றாக உள்வாங்கியிருக்கும். எச்எஸ்ஜி அந்த வெளி உச்சியைக் காட்டாது. ஹிஸ்டரோஸ்கோப்பியும் காட்டாது, கேமரா உள்ளேதானே போகிறது. பைகார்னுவேட்டைச் செப்டம் என்று நினைத்து வெட்டப் போனால் கர்ப்பப்பையில் ஓட்டை விழலாம். இதையா ஒரு ஃபிலிமைப் பார்த்து முடிவு செய்வது?

த்ரீ-டி ஸ்கேன் உள்ளேயும் வெளியேயும் ஒரே படத்தில் காட்டிவிடும். எஷ்ரே எனப்படும் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முறை கலைந்தாலே அது தொடர் கருச்சிதைவு, அப்படிப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் கர்ப்பப்பையின் அமைப்பைப் பார்க்க வேண்டும், அதற்கு முதல் தேர்வு பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் த்ரீ-டி ஸ்கேன், அந்த வசதி இல்லாத இடத்தில் எம்ஆர்ஐ என்று எழுதியிருக்கிறார்கள். அமைப்பில் குறை தெரிந்தால் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள், இரண்டிலும் சேர்ந்தே கோளாறு வருவது உண்டு என்பதால்.

சரி, செப்டம்தான் என்று உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே தியேட்டருக்குத் தேதி குறிக்க வேண்டுமா? 2021-ல் வெளியான ட்ரஸ்ட் ஆய்வில் செப்டம் உள்ள 80 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சுவரை வெட்டினார்கள், மற்றவர்களுக்கு வெட்டவில்லை. குழந்தை பிறந்தது வெட்டியவர்களில் 31 சதவீதம் பேருக்கு, வெட்டாதவர்களில் 35 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான். இதை வைத்து வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் "சின்ன வேலைதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்வதற்கு முன்னால் இந்த எண்களையும் எங்களிடம் சொல்லுங்கள்.

ஃபைப்ராய்டு எனப்படும் கர்ப்பப்பைக் கட்டியிலும் இதே கதைதான். உட்குழிக்குள் துருத்தி நிற்கும் கட்டியும் வெளிப்பக்கம் வளரும் கட்டியும் ஒன்றில்லை, ரிப்போர்ட்டில் இடத்தையும் எழுதுங்கள்.

அப்புறம் டி அண்ட் சி. கருவின் வளர்ச்சி நின்றுவிட்டது என்று தெரிந்த அன்றே சுரண்டி எடுக்க அட்மிஷன் போட்டுவிடுகிறீர்கள், நாங்களும் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம், அந்த நேரத்தில் கேள்வி கேட்கும் நிலையில் யார் இருப்பார்கள்? ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ஆஷர்மன் என்ற மருத்துவர் 1948-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அந்த ஒட்டல் அடுத்த கருவுக்கும் இடைஞ்சல் ஆகலாம். ரத்தப்போக்கு அதிகமில்லை, தொற்று இல்லை என்றால் மாத்திரை இருக்கிறது, உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது, சில நாள் காத்திருக்கவும் செய்யலாம். எங்களுக்குத் தெரியாத வழிகளை நாங்கள் எப்படிக் கேட்போம்? டி அண்ட் சி செய்த பிறகு மாதவிலக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று ஒரு பெண் சொன்னால், "ஹார்மோன் மாற்றம்" என்று அனுப்பிவிடாமல் உள்ளே ஒட்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம், ஐந்தாம் மாதத்தில் வலியே தெரியாமல் கர்ப்பப்பை வாய் திறந்து குழந்தையை இழந்தவளை, இரண்டாம் மாதத்தில் கலைந்தவளோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். அவளுக்கு அடுத்த கர்ப்பத்தில் வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்துகொண்டே வர வேண்டும், தேவைப்பட்டால் தையல் போட வேண்டும். ஷிரோத்கர் என்ற மருத்துவர் அந்தத் தையலைப் பற்றி எழுதியது 1955-ல். இன்னும் "ரெஸ்ட் எடும்மா, வெயிட் தூக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்து ஏதாவது நடக்கும்போது பழி முழுவதும் அவள் தலையில் விழுகிறது. மாமியார் கேட்பார், அக்கம்பக்கம் கேட்கும், அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள்.

எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால்தான். அப்படியானால் அதையும் சொல்லுங்கள், எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று எங்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது இழப்புக்குப் பிறகு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே, ஒரு த்ரீ-டி ஸ்கேன் எழுதித் தாருங்கள். ரிப்போர்ட்டில் வெளி உச்சி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் நகலை எங்கள் கையிலும் கொடுங்கள், அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் காட்ட உதவும்.

இப்படிக்கு,
உங்களிடம் மீண்டும் வரப்போகும் ஒருத்தி