96 டெசிபல் என்று போட்டு விற்ற ஸ்பீக்கர் ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொள்வது குறித்து

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்

ஐயா,

இது உங்களுக்கு நான் போடும் ஐந்தாவது மெயில். முதல் நாலுக்கும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று ஒரே பதில்தான், அதுவும் அனுப்பிய அதே நிமிஷத்தில் வந்தது. மனுஷன் எழுதின பதில் எது, மெஷின் எழுதினது எது என்று தெரியாத அளவுக்கு நான் ஒன்றும் பழைய ஆள் இல்லை. அதனால் இந்தத் தடவை மெயிலோடு சேர்த்து ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஸ்பீக்கர் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் கையில் இது போய்ச் சேர்ந்தால் நல்லது.

மார்ச் முதல் வாரம் உங்கள் தளத்தில் 64,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். ‘சென்சிட்டிவிட்டி 96 டெசிபல், 8 ஓம், குறைந்த வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். சென்சிட்டிவிட்டி என்றால் கொடுக்கிற வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு, ஓம் என்றால் கரண்டுக்கு அது காட்டும் எதிர்ப்பு, வால்வு என்றால் டிரான்ஸிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல். வால்வுக்கு ஏற்றது என்ற அந்தக் கடைசி வரியை நம்பித்தான் பணம் கட்டினேன். மரம் நல்லா இருக்கு, பாலிஷ் நல்லா இருக்கு, பார்சல் ஆபீஸில் இறக்கும்போதுகூட ஒரு கீறல் இல்லை, அதை எல்லாம் குறை சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு 2ஏ3 வால்வு போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப்ளி. ஒரு பக்கத்துக்கு மூன்றரை வாட் வரும். எழுத்துப் பிழை இல்லை, மூன்றரைதான். உங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னபோதெல்லாம் போனில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 1930களில் சினிமா தியேட்டர் முழுக்கப் பாட்டு கேட்க வைத்த ஆம்ப்ளிகளில் பலவும் எட்டு, பத்து வாட்தான். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் 300ஏ, 300பி வால்வுகள் அந்த வேலைக்கு வந்தவை, ஒரு வால்வுக்கு எட்டு வாட் கிட்ட. வாட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் என்பதால் ஸ்பீக்கரைத் திறமையானதாக, அதாவது கொஞ்சம் வாட்டிலேயே நிறையச் சத்தம் தருவதாகச் செய்தார்கள், பெரிய ஹார்ன், லேசான பேப்பர் கோன், கனத்த காந்தம். அப்புறம் டிரான்ஸிஸ்டர் வந்து வாட் மலிவானதும் ஸ்பீக்கர் சின்னதாகி, மந்தமாகவும் ஆகிவிட்டது. வால்வு ஆம்ப்ளி வைத்திருக்கிற என்னைப் போன்றவர்கள் இன்றைக்கும் திறமையான ஸ்பீக்கரைத் தேடி அலைவது இதனால்தான்.

எனக்கு இது படித்து வந்த பழக்கமும் இல்லை. எங்க அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, எங்க ஊர் அம்மன் கொடை, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். கரண்ட் இல்லாத இடத்தில் கார் பேட்டரியில் ஒரு சின்ன ஆம்ப்ளியை ஓட்டி, தென்னை மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, வயல் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் சத்தம் கேட்க வைப்பார். ‘மக்கா, குழாய் நல்ல குழாயா இருந்தா ஆம்ப்ளி சின்னது போதும்’ என்பார். அவர் கணக்குப் போட்டுச் சொன்னது இல்லை, ஆனால் கணக்கும் அதையேதான் சொல்கிறது: வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 35 வாட் கொடுத்துக் கிடைக்கிற சத்தம், 96 டெசிபல் ஸ்பீக்கருக்கு மூன்றரை வாட்டிலேயே கிடைத்துவிடும். அந்த 96 என்ற எண்ணுக்கு என் கணக்கில் அவ்வளவு மதிப்பு. உங்கள் விளம்பரத்தில் அது ஒரு அலங்காரம் போலிருக்கிறது.

ஸ்பீக்கர் வந்த அன்று சாயங்காலமே மாட்டினேன். முதலில் வில்லுப்பாட்டு போட்டேன், எங்கள் பக்கத்தில் அதுதான் எனக்கு அளவுகோல். வில்லில் கட்டிய மணி, உடுக்கு, குடம், தாளம் என்று மேலிருந்து கீழ் வரைக்கும் எல்லா ஒலியும் அதில் உண்டு. குடத்தில் விழுகிற அடி ‘தொம்’ என்று விழுந்து உடனே நிற்க வேண்டும். இதில் அது ‘தொம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டே போனது, வில்லடித்துப் பாடுகிற புலவர் உச்சத்தில் பாடும்போது குரல் தகரத்தில் தேய்த்தது மாதிரி வந்தது. சரி, புதுசுதானே, ஓட ஓடச் சரியாகும் என்று விட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வால்யூம் பாதி தாண்டுவதற்குள்ளேயே குரல் பிசிற ஆரம்பித்துவிட்டது. என் அறை பதினாலுக்குப் பன்னிரண்டு அடி, நான் உட்காருவது ஒன்பது அடி தள்ளி. ஓட்டு வீடு. ஒரு மழை பெய்தால் ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் உங்கள் ஸ்பீக்கர் பாடுகிறதா என்று கிட்டப்போய்க் காது வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் ஒரு கோடை மழை பெய்தது, அப்படித்தான் பார்த்தேன். வீட்டில் ‘சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்’ என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். ஆம்ப்ளியை அணைத்து, ஒயரைக் கழற்றி, ஸ்பீக்கர் டெர்மினலில் இரண்டு முனையையும் வைத்தால் 3.3 ஓம் காட்டுகிறது. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஐந்தரை, ஆறு, ஆறரை என்று ஏதாவது காட்டும். 3.3 என்றால் அது 4 ஓம் ஸ்பீக்கர், இதில் வாதத்துக்கே இடம் இல்லை. இன்னொரு பெட்டியும் அதே 3.3. பின்பக்கத்தில் காற்றுப் போகிற துளை இருக்கிறதே, அது வழியாக டார்ச் அடித்தேன். காந்தத்தின் முதுகில் வெள்ளை மையில் ‘4’ என்று போட்டு, பக்கத்தில் ஓம் குறி. போட்டோ இணைத்திருக்கிறேன். பெட்டியில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை, அதனால் வாரண்டி போச்சு என்று ஆரம்பிக்க வேண்டாம்.

இனிமேல்தான் 96 விவகாரம். சென்சிட்டிவிட்டி என்பது ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளப்பது. 8 ஓமில் ஒரு வாட் என்றால் 2.83 வோல்ட். நிறைய கம்பெனிகள் வாட்டை விட்டுவிட்டு 2.83 வோல்ட் என்று மட்டும் வைத்து அளப்பார்கள், அதில் தவறில்லை, எழுதினால். அதே 2.83 வோல்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் போவது இரண்டு வாட். நீங்களும் அப்படித்தான் அளந்திருப்பீர்கள், அதாவது உங்கள் 96இல் 3 டெசிபல் காற்று. 93தான் நிஜம், அதுவும் மீதி அளவு நேர்மையாக இருந்தால்.

இருந்ததா என்று பார்க்க, அப்பா காலத்துப் பழைய பெட்டி ஒன்றை அறைக்குள் தூக்கி வந்தேன், 12 இஞ்ச் பேப்பர் கோன், நிஜமான 8 ஓம், பின்னால் ஒட்டிய தாளில் அதற்கும் 96 என்றுதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, ஒரே இரைச்சல் ஒலியைப் போட்டு, டெர்மினலில் ஒரே வோல்ட் வருகிற மாதிரி வால்யூமைச் சரிசெய்து, ஒரு மீட்டரில் போனை வைத்து அளந்தேன். போன் ஆப் காட்டுகிற எண்ணை நானும் நம்ப மாட்டேன், ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம், பொய் சொன்னாலும் இரண்டுக்கும் ஒரே பொய்தானே சொல்லும். பழைய பெட்டி 5 டெசிபல் கூடுதல். அதுவும் உங்கள் ஸ்பீக்கர் குடிக்கிற கரண்டில் பாதியைக் குடித்துக்கொண்டு. வாட் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் 8 டெசிபல். அப்பாவின் தாள் சரி என்று வைத்துக்கொண்டால் உங்களுடையது 88. அந்த 8 டெசிபலை ஈடுகட்ட எனக்கு மூன்றரை வாட்டுக்குப் பதில் 22 வாட் வேண்டும்.

ஆம்ப்ளி பின்னால் 4 ஓம் டேப் (4 ஓம் ஸ்பீக்கருக்கான தனி இணைப்பு முனை) இருக்கிறதே, அதில் மாட்டலாமே என்று உங்கள் சேவைப் பிரிவுத் தம்பி ஒருவர் போனில் சொன்னார். மாட்டினேன். பிசிறு குறைந்தது, உண்மை. முன்பு 8 ஓம் டேப்பில் 4 ஓம் ஸ்பீக்கர் தொங்கியதால், 2500 ஓம் சுமையைப் பார்க்க வேண்டிய வால்வு 1250ஐப் பார்த்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது, அது சரியானது. ஆனால் 4 ஓம் டேப்பில் மூன்றரை வாட் என்பது 3.74 வோல்ட்தான். நீங்கள் 96 அளந்திருக்கக்கூடிய 2.83 வோல்ட்டுக்கும் என் ஆம்ப்ளியின் உச்சத்துக்கும் இடையில் இரண்டரை டெசிபல்கூட இல்லை. உங்கள் எண்ணையே அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டாலும் என் ஆம்ப்ளி அங்கே முட்டிக்கொண்டு நிற்கும்.

குடம் இழுப்பதும் குரல் தகரமாவதும் வேறு கதை, அதற்கு வாட் காரணம் இல்லை. இந்த மாதிரி வால்வு ஆம்ப்ளிக்கு ஸ்பீக்கரைக் கட்டுக்குள் வைக்கிற பிடிமானம் குறைவு, ஸ்பீக்கரின் ஓம் ஒவ்வொரு சுருதிக்கும் மாறும், அது எங்கெல்லாம் ஏறுகிறதோ அங்கெல்லாம் சத்தமும் சேர்ந்து ஏறும். அதனால் வால்வுக்கு ஏற்ற ஸ்பீக்கர் என்றால் ஓம் அதிகம் குதிக்காமல் சமமாக ஓட வேண்டும், ரொம்பக் கீழேயும் போகக் கூடாது. உங்கள் ஸ்பீக்கரின் ஓம் வரைபடத்தைக் கேட்டு மூன்று மெயில் போட்டேன். ‘குறைந்த வாட் வால்வுக்கு ஏற்றது’ என்று எழுதுகிறவரிடம் அந்த வரைபடம் இருந்தாக வேண்டும், இல்லாமல் எதை வைத்து எழுதினீர்கள்?

இதில் என்னை உண்மையில் கோபப்படுத்தியது ஸ்பீக்கர் இல்லை, போனில் கிடைத்த பதில். முதல் தம்பி, ‘ஆம்ப் ஓடும்போதே ஒரு பக்கம் ஒயரைக் கழட்டி மாத்திப் பாருங்க சார்’ என்றார். வால்வு ஆம்ப்ளியை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் போகலாம். அது எங்கள் மைக் செட் கடையில் பத்தாம் வகுப்பு லீவில் வேலைக்கு வந்த பையனுக்கும் தெரியும். தயவுசெய்து இதை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். இரண்டாமவர், ‘உங்க ஆம்ப் ரொம்பச் சின்னது சார், எங்ககிட்டயே 100 வாட் ஆஃபர்ல இருக்கு’ என்றார். செருப்பு கடிக்கிறது என்று வந்தவனிடம் காலைக் கொஞ்சம் செதுக்கிக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது. சின்ன ஆம்ப்ளிக்கு என்று சொல்லித்தானே ஐயா விற்றீர்கள்!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நியாயமாக இருக்கட்டும். இந்த ஸ்பீக்கர் மோசமான சரக்கு இல்லை. மார்த்தாண்டத்தில் என் நண்பர் வீட்டில் 60 வாட் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளியில் மாட்டிப் பார்த்தோம், நன்றாகவே பாடியது, குடமும் நின்றது. 88 டெசிபல், 4 ஓம் என்று உள்ளதைப் போட்டிருந்தால் அதற்கேற்ற ஆள் வாங்கியிருப்பான், நான் வாங்கியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

திரும்ப எடுக்கச் சொன்னால் பத்து நாள் தாண்டிவிட்டது என்கிறீர்கள். நான் முதல் மெயில் போட்டது பார்சல் வந்த மூன்றாம் நாள், உங்கள் ஆள் முதல்முறை போன் செய்தது பன்னிரண்டாம் நாள். அந்தத் தாமதம் யார் கணக்கில் வரும்? அதற்கு மேல் திரும்ப அனுப்பும் செலவு 5,200 ரூபாயும், விலையில் இருபது சதவீதப் பிடித்தமும் என் தலையில். மனசு மாறித் திருப்பி அனுப்புகிறவனுக்கு அந்த விதி சரி. 4 ஓமை 8 ஓம் என்று சொல்லிக் கொடுத்த பொருளுக்கு அது பொருந்தாது.

எனக்கு வேண்டியது முழுப்பணம் 64,000, உங்கள் செலவில் எடுத்துப்போவது. மாற்று ஸ்பீக்கர், கூப்பன், அடுத்த வாங்கலில் தள்ளுபடி எதுவும் வேண்டாம். அப்புறம் தளத்தில் அந்த வரியைத் திருத்துங்கள், 96 என்று போட்டால் எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓமில் என்று பக்கத்தில் போடுங்கள். 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முதல் மெயில் போட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது. இன்னும் பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், எனக்கு ஒன்றும் சிரமம் இல்லை, உங்களுக்குத்தான் தூரம்.

பெட்டி இரண்டையும் வந்த தெர்மாகோலோடு பழையபடி கட்டித் திண்ணையில் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் ஜூனில் மழை பிடித்துவிடும், சாரல் திண்ணை வரைக்கும் அடிக்கும். அதற்கு முன் ஆள் அனுப்புங்கள். அட்டை நனைந்திருந்தால் அதற்கும் ஒரு பிடித்தம் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பணம் கட்டி ஏமாந்த வாடிக்கையாளர்,
தக்கலை

இணைப்பு: பில் நகல், மல்டிமீட்டர் போட்டோ இரண்டு, காந்தத்தின் போட்டோ ஒன்று, உங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்