மிச்சம் எவ்வளவு நீளும்?

ஒட்டுசுட்டான்
மார்கழி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை. முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்கிறது, எங்கள் காலபோக வயல் இதுவரை தப்பி நிற்கிறது. இராவில் யானை வருவதால் யானை வெடிச் சத்தத்தோடுதான் பாதி ஊர் விடிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். நீ அனுப்பிய படத்தில் உன் மகள் அச்சு அசலாக உன் தாயார் மாதிரி இருக்கிறாள் என்று எல்லாருக்கும் காட்டித் திரிகிறா.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வேலையிடத்தில் பழைய நிரல் ஒன்றைத் திருத்தி எழுதியிருக்கிறீர்கள். பழையதும் புதியதும் எந்த உள்ளீட்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும் என்பதைத் தானாகவே பார்த்துச் சொல்லும் நிரல் ஒன்றை உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். இது உன்னால் முடியாததா, எவராலும் முடியாததா என்று எழுதியிருந்தாய். எவராலும் முடியாது மச்சான். எந்த இரண்டு நிரலைக் கொடுத்தாலும் தவறாமல் விடை சொல்லும் நிரல் இருக்கவே முடியாது. முடிவில்லாத நாடாவில் எழுதி அழிக்கும் கற்பனை இயந்திரத்தை வைத்து 1936இல் கணிதர் அலன் டியூரிங் போட்ட அடித்தளமும், ஒரு நிரல் என்ன விடை தருகிறது என்பதைப் பற்றிய, எல்லா நிரலுக்கும் ஒரே பதில் வராத எந்தக் கேள்விக்கும் பொதுவழி இல்லை என்று ரைஸ் 1953இல் வெளியிட்ட தேற்றமும் உனக்கு நினைவிருக்கும், பரீட்சைக்குச் சேர்ந்துதானே பாடமாக்கினோம். ஆனால் அன்று நாங்கள் யோசிக்காத ஒன்று உண்டு. முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் நடுவில் உள்ள எல்லை எங்கே ஓடுகிறது? இந்த மாதங்களில் எனக்கு அதே யோசனைதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அக்காவின் மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். அவள் கொண்டுவந்த குறிப்புகளைப் பார்த்துத்தான் எனக்கு மறுபடி ஆசை வந்தது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். அவர்களுக்குக் குறிமுறையில் இருந்து தொடங்கினேன்.

0, 01, 10 என்று மூன்று குறிச்சொற்கள். இவற்றை இடைவெளி விடாமல் அடுக்கிச் செய்தி அனுப்புகிறோம். 010 என்று வந்தால் அது 0, 10 ஆகவும் இருக்கலாம், 01, 0 ஆகவும் இருக்கலாம். இலக்கண வகுப்பில் பலகை, வேங்கை என்று, சேர்த்தால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளும் தரும் பொதுமொழி படித்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. கேள்வி இதுதான்: குறிச்சொற்களின் பட்டியலைத் தந்தால், இரண்டு விதமாய்ப் பிரியும் செய்தி ஒன்று எங்காவது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாமா? செய்திகளுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இயலாது. ஆனால் 1953இல் சார்டினாஸ், பாட்டர்சன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்.

0ஐ மேலே வை, 01ஐ அதற்குக் கீழே வை. கீழே 1 மிச்சம். மேல்வரிசை பின்தங்கி நிற்கிறது, அதனால் 1இல் தொடங்கும் 10ஐ மேலே போடு. இப்போது மேலே 0 மிச்சம். 0 தானே ஒரு குறிச்சொல், அதைக் கீழே போட்டால் இரண்டு வரிசையும் சமம். குழப்பமான செய்தி அகப்பட்டுவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்த மிச்சத்தைத்தான். பின்தங்கிய வரிசைக்கு மட்டும் சொல் போடுவதால், மிச்சம் எப்போதும் ஏதோ ஒரு குறிச்சொல்லின் வால்பகுதியாகவே இருக்கும். வால்கள் எண்ணி முடியக்கூடியவை. பார்த்த மிச்சமே திரும்பி வந்தால் அந்த வழியில் புதிதாக ஒன்றும் இல்லை, நிறுத்திக்கொள்ளலாம். முடிவுறு தானியங்கி, அதாவது எண்ணி முடியக்கூடிய நிலைகள் மட்டுமே உள்ள இயந்திரம் என்று நாங்கள் வட்டமும் அம்பும் கீறிப் படித்ததே, அதுதான் இது. ஒவ்வொரு மிச்சமும் ஒரு வட்டம்.

0, 01, 11 என்ற பட்டியலையும் பார். 0க்குக் கீழே 01 வைத்தால் மிச்சம் 1. மேலே 11 போட்டால் மறுபடி மிச்சம் 1. எத்தனை தரம் போட்டாலும் அதே 1தான், ஒருநாளும் சமமாகாது. ஆகவே இதில் குழப்பமே இல்லை, எந்தச் செய்தியும் ஒரே விதமாகத்தான் பிரியும். ஆனால் 0க்குப் பிறகு ஒன்றுகளாகவே வந்துகொண்டிருந்தால், முதற்சொல் 0ஆ 01ஆ என்று அந்த ஒன்றுகள் முடியும்வரை சொல்ல முடியாது. இரட்டை எண்ணிக்கை என்றால் 0, ஒற்றை என்றால் 01. பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரியும், ஆனாலும் முதல் எழுத்தை வாசிக்கக் கடைசிவரை பொறுத்திருக்க வேண்டும். எனக்கு இந்த உதாரணத்தில் தீராத ஆசை. அதை விளங்கிக்கொண்ட நேரம் பிள்ளைகளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை பழைய கலண்டர் மட்டையை வெட்டிச் சீட்டுகள் செய்தோம். ஒவ்வொரு சீட்டிலும் மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல். முதற்சீட்டில் மேலே 0, கீழே 100. இரண்டாவதில் 01, 00. மூன்றாவதில் 110, 11. ஒரே சீட்டை எத்தனை தரமும் பாவிக்கலாம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றாய் வரும்படி அடுக்க வேண்டும். மூன்று, இரண்டு, மூன்று, ஒன்று என்று வைத்துப் பார், இரண்டு வரிசையிலும் 110011100 வரும். எமில் போஸ்ட் என்ற கணிதர் 1946இல் வெளியிட்ட புதிர் இது. பார்வைக்கு முந்தியதின் தம்பி மாதிரி. ஆனால் எந்தச் சீட்டுக்கட்டைக் கொடுத்தாலும் அடுக்க முடியுமா முடியாதா என்று சொல்லும் பொதுவழி கிடையாது என்று போஸ்ட் நிறுவிவிட்டார்.

என்ன மாறியது? முந்தியதில் பின்தங்கிய வரிசைக்கு மட்டும் விரும்பிய சொல்லைப் போட்டோம். இங்கே ஒரு சீட்டு வைத்தால் இரண்டு வரிசையும் சேர்ந்து நீளும். பின்தங்கியது எட்டிப் பிடிக்கப் போகும்போது முன்னால் நிற்கும் வரிசையும் நகர்ந்துவிடுகிறது. அதனால் மிச்சத்துக்கு எல்லை இல்லை, எவ்வளவும் வளரலாம். வளரும் மிச்சம் என்றால் டியூரிங் இயந்திரத்தின் நாடா என்றுதான் அர்த்தம். இன்று வகுப்புகளில் சொல்லும் நிறுவலில் கீழ்வரிசை எப்போதும் இயந்திரத்தின் ஒரு படி முன்னால் ஓடும். மிச்சமாய்த் தொங்குவது இயந்திரத்தின் அந்த நேரத்து நிலை. இயந்திரம் நின்றால் மட்டும் இரண்டு வரிசையும் சேரும். எந்த இயந்திரமும் நிற்குமா நிற்காதா என்று சொல்லும் பொதுவழி இல்லை, அதனால் இந்தப் புதிருக்கும் இல்லை. (001, 0), (01, 011), (01, 101), (10, 001) என்ற நாலு சின்னச் சீட்டுகளை எடுத்தால், மிகக் குறுகிய தீர்வுக்கே 66 சீட்டு அடுக்க வேண்டும். கையால் முயன்றவன் தீர்வே இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவான்.

போஸ்டைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1897இல் இன்றைய போலந்தில் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயோர்க்குக்கு வந்தவர். சிறுவனாக இருக்கையில் விபத்தில் இடக்கையை இழந்தார். வளர்ந்தபின் வாழ்நாள் முழுக்க மனநோயோடு போராடிக்கொண்டே நியூயோர்க் சிற்றி கல்லூரியில் படிப்பித்தார். டியூரிங்கின் கட்டுரை வந்த அதே 1936இல், அதைப் பார்க்காமலே, கிட்டத்தட்ட அதே இயந்திரத்தைத் தானும் எழுதினார். இருவரும் 1954இல் செத்துப்போனார்கள். வகுப்புக்கு வரும் ஒரு பெடியனுக்குச் சண்டையில் ஒரு கை போனது உனக்குத் தெரியும், அப்போது அவன் கைக்குழந்தை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நாள் போஸ்டின் அந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவனுக்காகவாவது இந்த வகுப்பை விடாமல் நடத்துவேன்.

இன்னொன்று. இரண்டே வகைச் சீட்டு என்றால் தீர்மானிக்கலாம் என்று 1982இல் ஏரன்ஃபொய்க்ட், கார்ஹுமாகி, ரோசன்பேர்க் மூவரும் காட்டினார்கள். ஐந்து வகை இருந்தால் முடியாது என்று 2015இல் டேர்லோ நியறி நிறுவினார். மூன்றும் நாலும் இன்னும் திறந்த கேள்விகள். ஒட்டுசுட்டான் விறாந்தையில் மூன்று மட்டைத் துண்டை வைத்துக்கொண்டு, உலகத்தில் எவருக்கும் விடை தெரியாத கேள்வியின் முன்னால் குந்தியிருக்கலாம் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் மச்சான்!

உன் வேலைக்கு வருவோம். நிரல் முழுவதையும் ஒப்பிடப் போகாதே. அதில் மிச்சம் வளராத பகுதிகளை, அதாவது நினைவில் வைக்க வேண்டியது ஒரு எல்லைக்குள் நிற்கும் பகுதிகளைப் பிரித்தெடு. உள்ளீட்டின் வடிவத்தைச் சரிபார்க்கும் ஒழுங்குக்கோவைகள் (regular expressions) நாங்கள் பாடத்தில் படித்த வடிவில் இருந்தால் முடிவுறு தானியங்கிகள்தான், அவற்றில் இரண்டு சமமா என்று முழுமையாகத் தீர்மானிக்கலாம். கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு நினைவகம் (stack) வைத்து வாசிக்கும் பகுதி இருந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரே வழிதான் என்று கட்டுப்படுத்தி எழுது. அந்த வகைக்கும் தீர்மானிக்கலாம் என்று செனிசெர்க் 1997இல் காட்டியிருக்கிறார், ஆனால் நடைமுறைக்கு அது பாரமான வேலை. மற்றப் பகுதிகளுக்குச் சோதனைத் தரவுகளை எழுதுங்கள், எந்த நிரலுக்கும் தானாகவே தவறாமல் விடை சொல்லும் பொதுவழி இல்லை என்று உன் மேலாளருக்கு நேரே சொல்லிவிடு. அது உன் கெட்டித்தனத்தின் குறை அல்ல, நிறுவப்பட்ட தேற்றம்.

ஆவணி விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது சொக்லேட்டைக் குறைத்துக்கொண்டு, பழைய மடிக்கணினி இரண்டு கிடைத்தால் கொண்டுவா. அதற்கு முன்னால், மூன்று வகைச் சீட்டுக்கட்டுகளை எடுத்துத் தீர்வு தேடும் நிரல் ஒன்றை எழுதி அனுப்பு. எந்தச் சின்னக் கட்டுக்கு மிக நீளமான தீர்வு வருகிறது என்று பிள்ளைகள் போட்டி போடப் போகிறார்கள். உன் மனைவிக்கும் மகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். அம்மா கச்சான் வறுத்து அனுப்பச் சொல்லுகிறா, ரொறொன்ரோவுக்கு வரும் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து வாங்குக்காரன்