ஹெட்செட்டில் வரும் விக்கல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அதற்கும் ஹெட்செட்டுக்கும் சம்பந்தம் உண்டு, பின்னால் வருகிறேன். முதலில் நீ தலைவலியோடு கேட்ட விஷயம்.

க்வெஸ்ட் 3 விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினியின் விமான சிமுலேட்டரில் பறக்கும்போது, படம் நடுவானில் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகிறது, பெரிய விமான நிலையத்தை நெருங்கினால் விக்குகிறது, ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்தும் விக்கல் போகவில்லை என்கிறாய். அந்தக் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ரெசல்யூஷன் கிராஃபிக்ஸ் கார்டின் சுமை. அதைக் குறைத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் தாமதம் செய்வது கார்டு இல்லை, ப்ராசசர். உன் ஆர்டிஎக்ஸ் 4070 வேலை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. நீ அதன் வேலையை இன்னும் குறைத்தாய், அவ்வளவுதான். படம் மங்கியது மட்டும் மிச்சம்.

ஊகத்தில் விடாமல் அளந்து பார். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி, மேலே வரும் மெனுவில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம்) காட்டச் சொல். ‘மெயின் த்ரெட்’ (ப்ராசசரில் ஓடும் முக்கிய வேலை) தடுக்கிறதா, ‘ஜிபியு’ (கிராஃபிக்ஸ் கார்டு) தடுக்கிறதா என்று அதுவே எழுதிக் காட்டும். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரிலும் ஃப்ரேம் ரேட் விவரத்தைத் திரையில் வரவழைத்தால் இரண்டு நேரமும் தனித்தனியாகத் தெரியும். அளக்கும்போது, இடைப் படங்களை ஊகித்து நிரப்பும் ரீப்ரொஜெக்‌ஷனை அணைத்துவிடு. அது ஓடினால் சிம் (சிமுலேட்டர்) வேண்டுமென்றே காத்திருக்கும், எண்கள் பொய் சொல்லும். க்வெஸ்ட் லிங்க்கில் (ஹெட்செட்டைக் கணினியோடு இணைக்கும் மெட்டாவின் மென்பொருள்) கன்ட்ரோல் விசையோடு நம்பர் பேடில் 1 அழுத்தினால் அணையும், 4 அழுத்தினால் பழையபடி தானியங்கிக்குப் போகும். ஒரே விமானம், ஒரே ரன்வே, ஒரே வானிலை, ஒரே நேரம் என்று ஒரு பறப்பைச் சேமித்து வைத்துக்கொள். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங்தான் மாற்ற வேண்டும். டிரைவர் புதுப்பித்த பிறகு வரும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஷேடர்களை (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) புதிதாகத் தொகுக்கும்போது எந்தக் கணினியும் விக்கும்.

இனி கணக்கு. 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட். 72 ஹெர்ட்ஸில் 13.9. சிமுலேட்டரில் நகரத்துக்கு மேலே, முழுக் கிளாஸ் காக்பிட்டோடு (கருவிகள் எல்லாம் திரைகளாக இருக்கும் விமானி அறை) இந்த நேரத்தை எட்டுவது பெரும்பாலான கணினிகளால் முடியாது. அதனால்தான் ரீப்ரொஜெக்‌ஷன்: சிம் பாதி ஃப்ரேம் கொடுத்தால் போதும், மீதிப் பாதியை மென்பொருளே முந்தைய படங்களிலிருந்து ஊகித்து வரையும். ஆனால் அது பொதுவாகச் சரிபாதிக்குத்தான் பூட்டும். 90-ல் ஓடினால் 45, 80-ல் 40, 72-ல் 36. மில்லிசெகண்டில் சொன்னால் 22.2, 25, 27.8.

ஹெட்செட்டை எந்த ஹெர்ட்ஸில் வைப்பது என்பது இந்த மூன்று எண்ணில்தான் இருக்கிறது. உன் மெயின் த்ரெட் அந்த விமான நிலையத்தில் 24 மில்லிசெகண்ட் எடுக்கிறது என்று வைத்துக்கொள். 90 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் கொஞ்சம் பிந்தி வரும், 45-ஐத் தொட்டும் தொடாமலும் ஊசலாடும். அந்த ஊசலாட்டத்தைத்தான் நீ விக்கல் என்கிறாய். 80-க்கு மாற்றினால் 25 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும், படம் நிலைக்கும். செட்டிங் எதையும் தொடாமலே பாதி நோய் தீரும். பயணிகள் விமானமும் சின்ன செஸ்னாவும் ஓட்டுகிற உனக்கு நிலையான 36 தாராளம், தடுமாறும் 50-ஐவிட அது எவ்வளவோ மேல். ஒரே குறை, 72-ல் வெள்ளை மேகத்துக்குள் போகும்போது ஓரக்கண்ணில் சிமிட்டல் தெரியலாம். தெரிந்தால் 80 வைத்துக்கொள்.

ரீப்ரொஜெக்‌ஷனின் விலையையும் சொல்லிவிடுகிறேன். ப்ரொப்பெல்லரைச் சுற்றிக் காற்று நெளியும், ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் தரை ரப்பர் போல இழுபடும். ஹெலிகாப்டரில் தரையை ஒட்டி நிற்கும்போதும், டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் எதிரி விமானம் குறுக்கே பாயும்போதும் இது பொறுக்க முடியாது. அந்த இரண்டுக்கும் அணைத்துவிட்டு, காட்சியைக் குறைத்தாவது முழு ஃப்ரேம் ரேட்டைத் துரத்துவதுதான் சரி. வர்ச்சுவல் டெஸ்க்டாப் (கணினிப் படத்தை வைஃபையில் ஹெட்செட்டுக்கு அனுப்பும் செயலி) வைத்திருந்தால், இதே வேலையைச் செய்யும் அதன் ஸ்பேஸ்வார்ப் ஹெட்செட்டுக்குள்ளேயே ஓடுகிறது. கணினியின் கார்டுக்குச் சுமை இல்லை.

இப்போது ப்ராசசர் சுமையைக் குறைக்கும் வழி. மைக்ரோசாஃப்ட் சிமில் முதலில் தொட வேண்டியது டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயில். 200-ல் இருந்தால் 100-க்கு இறக்கு, தரையிறங்கும் இடத்தில் வித்தியாசம் உடனே தெரியும். எவ்வளவு தூரம் வரை நுணுக்கமாக வரைவது என்பதை இது தீர்மானிக்கிறது. தூரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு ஆகும், அதனால்தான் இவ்வளவு கனம். அடுத்தது நிறுத்தி வைத்த விமானங்கள், தரை வண்டிகள், சாலைப் போக்குவரத்து. இவற்றைப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குக் கொண்டுவா. மூன்றாவது, கிளாஸ் காக்பிட் புதுப்பிக்கும் வேகம். இதை ‘மீடியம்’ அல்லது ‘லோ’-வில் வை. எக்ஸ்-பிளேனில் இதே பங்கு ‘வேர்ல்ட் ஆப்ஜெக்ட்ஸ்’ ஸ்லைடருக்கு.

கணினிக்குள்ளும் ஒன்று பார். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தில் வேகம் போட்டிருக்கும். 3200 என்று வாங்கிய ரேம் 2133-லோ 2400-லோ ஓடினால், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பு மெனு) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயக்கப்படவில்லை என்று அர்த்தம். மெமரிக்காகக் காத்திருப்பதிலேயே சிமின் நேரம் கணிசமாகப் போகிறது. ஏஎம்டியின் எக்ஸ்3டி ப்ராசசர்களைச் சிமுலேட்டர்காரர்கள் இத்தனை பேர் வாங்கக் காரணமும் அதுதான். 5800எக்ஸில் மூன்றாம் நிலை கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5800எக்ஸ்3டி-யில் 96. உன்னுடையது ஏஎம்4 வகை மதர்போர்டு என்பதால் பயாஸைப் புதுப்பித்துவிட்டு இதை அப்படியே மாட்டலாம். ஆனால் மேலே சொன்னதெல்லாம் செய்து பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றி யோசி.

மெயின் த்ரெட் அடங்கியதும், பாதியாகக் குறைத்த ரெசல்யூஷனைத் திரும்ப ஏற்று. இங்கேதான் பலபேர் தங்களுக்கே தெரியாமல் கார்டைக் கொல்கிறார்கள். க்வெஸ்ட் 3-ன் திரை ஒரு கண்ணுக்கு 2064 x 2208. லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட, நடுப்பகுதி தெளிவாக இருக்க வேண்டுமானால் அதைவிடப் பெரிய படமாக வரைய வேண்டும். அந்தப் பெருக்கல் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது: கணினியில் உள்ள மெட்டா செயலி, ஸ்டீம்விஆர் (ஸ்டீமின் விஆர் மென்பொருள்), சிமின் ரெண்டர் ஸ்கேல். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றும் பெருகும். மெட்டா செயலியில் 1.3 என்றால் அகலத்துக்கு 1.3, உயரத்துக்கு 1.3, மொத்தப் பிக்சல் 1.69 மடங்கு. ஸ்டீம்விஆரில் 150 சதவீதம் என்பது மொத்தப் பிக்சலில் ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்தால் இரண்டரை மடங்கு வேலை. சிமின் ரெண்டர் ஸ்கேலோ மறுபடி அகலம், உயரம் இரண்டுக்கும் தனித்தனி. 70 என்று வைத்தால் பிக்சல் 49 சதவீதமாகிவிடும். நீ ‘கொஞ்சம்தான் குறைத்தேன்’ என்று நினைத்தாலும் பாதி போய்விட்டது. ஏதாவது ஒரே இடத்தில் மட்டும் மாற்று, மற்ற இரண்டையும் 100-லும் 1.0-லும் விட்டுவிடு. நான் மெட்டா செயலியைத்தான் சொல்வேன்.

டிஎல்எஸ்எஸ்ஸா (சிறிய படத்தைப் பெரிதாக்கும் என்விடியா நுட்பம்) டிஏஏவா (முந்தைய ஃப்ரேம்களைக் கலந்து விளிம்பை மென்மையாக்கும் முறை) என்று கேட்டிருந்தாய். ‘குவாலிட்டி’ நிலையில் டிஎல்எஸ்எஸ் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வரைந்து மீதியை ஊகிக்கிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் பாதிதான். நிலக்காட்சிக்கு அது போதும். ஓடுகிற உயரமானி எண்கள் பின்னால் நிழல் விடுவதுதான் அதன் பலவீனம். கருவிகளைப் படித்துப் பறக்கிறவனுக்கு டிஏஏ கண்ணுக்கு இதம். கார்டு தாங்காவிட்டால் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி வைத்து, மிச்சமாகும் நேரத்தை மெட்டா செயலியின் ரெசல்யூஷனுக்குக் கொடு. மேகத்தை ‘அல்ட்ரா’-விலிருந்து ‘ஹை’-க்கு இறக்கினாலே நல்ல லாபம். மூலை முடுக்குகளில் மெல்லிய நிழல் சேர்க்கும் ஆம்பியன்ட் ஆக்ளூஷனை அணைத்துவிடலாம், ஹெட்செட்டுக்குள் அது இல்லாததை யாரும் கவனிப்பதில்லை.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு தலையைத் திருப்பும்போதெல்லாம் வெட்டுகிறது என்றால் அது வேறு நோய். வீடியோ மெமரி நிரம்பிவிட்டது. உன் கார்டில் 12 ஜிபி. அது தீர்ந்தால் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) சாதாரண ரேமுக்குத் தள்ளப்பட்டு, ஒவ்வொரு தடவையும் பிசிஐ வழியே திரும்பி வர வேண்டும். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் மெமரி 11-ஐத் தாண்டி நிற்கிறதா பார். நின்றால் டெக்ஸ்சரை ஒரு படி குறை. பின்னணியில் திறந்து கிடக்கும் ப்ரௌசரையும் மூடு, அதுவும் கார்டின் மெமரியைத் தின்கிறது.

க்வெஸ்ட்டில் இன்னொரு சங்கிலி உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணையும் ஹெட்செட்டுக்குப் படம் நேராகப் போகிறது. உன்னுடையதில் கார்டு அதை வீடியோவாகச் சுருக்கி அனுப்பி, ஹெட்செட் விரித்துக் காட்டுகிறது. பிட்ரேட்டை (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) ஏற்றினால் தெளிவு கூடும், ஆனால் விரிக்கும் நேரமும் கூடும், தலை திரும்பியதற்குக் காட்சி பிந்தும். 40 வரிசைக் கார்டும் க்வெஸ்ட் 3-ம் ஏவி1 என்ற வீடியோ சுருக்கும் முறையை அறிந்தவை. வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் அதைத் தேர்ந்தெடுத்தால் குறைந்த பிட்ரேட்டிலேயே நல்ல படம். வைஃபை என்றால் கணினியிலிருந்து ரவுட்டருக்குக் கட்டாயம் கம்பி இருக்க வேண்டும், ரவுட்டர் அதே அறையில் இருக்க வேண்டும். கணினியும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு தடவை பயணம் செய்யும். கேபிள் என்றால் ஹப்பில் செருகாதே, மதர்போர்டின் யுஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகு.

ஓப்பன்எக்ஸ்ஆர் ரன்டைமையும் (சிமையும் ஹெட்செட்டையும் இணைக்கும் மென்பொருள்) பார்த்துக்கொள். லிங்க்கில் பறந்தால் மெட்டா செயலியில் அதையே நடப்பு ரன்டைமாக வை. வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்றால் அதன் சொந்த ரன்டைமான விடிஎக்ஸ்ஆர். நடுவே ஸ்டீம்விஆர் தேவையில்லாமல் ஓடினால் அதற்கும் ஒரு பங்கு நேரம் போகும். பழைய வழிகாட்டிகள் எல்லாம் ஓப்பன்எக்ஸ்ஆர் டூல்கிட் என்ற துணை மென்பொருளைப் போடச் சொல்லும். அதன் பராமரிப்பு நின்றுவிட்டது, புது சிம்களில் அதுவே கோளாறுக்குக் காரணமாகலாம். சிம் காரணமில்லாமல் நின்றுபோனால் முதலில் அதை நீக்கிப் பார். உன் மைத்துனர் இன்னும் ரிவெர்ப் ஜி2 (விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருளில் ஓடும் எச்பி ஹெட்செட்) வைத்திருக்கிறார் என்றால் அவசரமாகச் சொல்: விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியே எடுக்கப்பட்டுவிட்டது. யோசிக்காமல் அப்டேட் கொடுத்தால் ஹெட்செட் அந்த மென்பொருளை இழந்துவிடும்.

கண்ணாடி விஷயம். அதன் விளிம்பு லென்ஸைத் தொட்டால் கீறல் விழும், பிறகு அழிக்க வழியில்லை. முகப்பகுதியை முன்பின் நகர்த்தும் பொத்தானை அழுத்தி ஒரு படி தள்ளி வை. லென்ஸ்களின் இடைவெளியையும் உன் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்குச் சரிசெய். கண் பரிசோதனைச் சீட்டில் அந்த எண் மில்லிமீட்டரில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்கு. அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறினாலும் எண்கள் மங்கும், தலை வலிக்கும். நீ அதற்கு ரெசல்யூஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய்.

ரீப்ரொஜெக்‌ஷன் அணைத்து, ரன்வே முனையில் நின்று, மெயின் த்ரெட், ஜிபியு இரண்டின் மில்லிசெகண்டையும் குறித்து அடுத்த கடிதத்தில் எழுது. 80-ஆ 72-ஆ என்று அதை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ரகு