க்ரோம்வெல் தலையில் கட்டிய சொலவடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல்லாராய்ச்சிப் பக்கத்தில், ‘பை ஹூக் ஆர் பை க்ரூக்’ (எந்த வழியிலாவது) என்ற ஆங்கிலச் சொலவடை 1649-ல் அயர்லாந்தில் ஆங்கிலப் படைத்தலைவர் ஆலிவர் க்ரோம்வெல் வாயில் பிறந்தது, ‘இதில் சந்தேகத்துக்கே இடமில்லை’ என்று எழுதியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர். கொடுத்து வைத்தவர். எனக்கு எதிலுமே இவ்வளவு தெளிவு வாய்த்ததில்லை.

தாங்கள் அறியாததா? 1380-களில் ஆங்கிலச் சமயச் சீர்திருத்தவாதி விக்ளிஃப் பெயரில் வழங்கும் எழுத்துகளிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. 1390 வாக்கில் கவிஞர் ஜான் கோவரும் சற்றே மாற்றிக் கையாண்டிருக்கிறார். க்ரோம்வெல் பிறந்ததோ 1599-ல். கருவில் வருவதற்கு முன்பே பேசிய மகான் போலும்!

அயர்லாந்தின் துறைமுக நகரமான வாட்டர்ஃபோர்டில் நர்ஸாக இருக்கும் மகளிடம் போயிருந்தபோது, ஹூக், க்ரூக் என்ற இரண்டு இடங்களையும் பார்த்தேன். துறைமுக வாயிலின் கிழக்கே ஹூக் முனை. கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த பருத்த கலங்கரை விளக்கம். எதிர்க்கரையில் க்ரூக் என்ற சிற்றூர். ஏதாவது ஒரு கரை வழியாக நகரைப் பிடிப்பேன் என்றாராம் க்ரோம்வெல். அதைச் சொன்ன வழிகாட்டிப் பையனே, ‘1170-ல் படையோடு வந்திறங்கிய நார்மன் பிரபு ஸ்ட்ராங்போ சொன்னதாகவும் சொல்வார்கள்’ என்று சிரித்தான். ஊர்க்காரன் ‘சொல்வார்கள்’ என்கிறான். சென்னையில் இருப்பவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்த க்ரோம்வெல் வாட்டர்ஃபோர்டைப் பிடிக்கவும் இல்லை. மழையிலும் நோயிலும் படை நொந்துபோய் 1649 டிசம்பரில் முற்றுகையை விட்டுக் கிளம்பினார். நகரம் மறு ஆண்டு அவருடைய மருமகன் அயர்டனிடம்தான் பணிந்தது. இங்கிலாந்துக் காடுகளில் அரிவாளுக்கும் (ஹூக்) தொரட்டிக்கும் (க்ரூக்) எட்டிய சுள்ளியைக் குடியானவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த விறகு உரிமையிலிருந்து இந்தத் தொடர் வந்தது என்றொரு கட்சியும் உண்டு. எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது. அதற்குக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

இதே பக்கத்தில் முன்பு இதே தொடருக்கு 1666 லண்டன் பெருந்தீயைக் காரணம் காட்டினீர்கள். அப்போது நான் எழுதிய மறுப்பை வெட்டி, ‘இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். ஊர்ப்பெயரும் தப்பு. வகுப்பில் பிள்ளைகள் ‘பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே சார்’ என்று என்னோடு மல்லுக்கு நின்றதெல்லாம் தங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

சரி, போகட்டும். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். சின்ன எழுத்தில் என்றாலும் போதும். அப்புறம், குறுக்கெழுத்து விடைகள் போன மாதத்திலிருந்து வரவில்லை. அதையும் கவனிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம் (கும்மிடிப்பூண்டி அல்ல)