தாளின் பின்பக்கம் எழுதித் தந்த டாக்டருக்கு

அம்மா வயிற்று ஆபரேஷன் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். விசாரித்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல இன்னும் தெம்பு இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, மயக்க மருந்துப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் அந்த இளம் டாக்டருக்கு. உங்கள் பெயரைப் போடவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும். அம்மாவுக்கு ஆபரேஷனைவிட வலிதான் பயம். என்னைப் பெற்றபோது வயிற்றைக் கிழித்த பிறகு, ஒவ்வொரு இருமலுக்கும் உயிர் போய்வந்த கதையை இன்றும் சொல்வார். முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு தாளில் வயிற்றுத் தசையின் மூன்று அடுக்குகளை வரைந்தீர்கள். உள்ளே இருக்கும் இரண்டு அடுக்குக்கு நடுவில் ஸ்கேன் பார்த்தபடி மரப்பு ஊசி போடுவோம் என்றீர்கள். புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து மட்டும் போட்டால் ராத்திரிக்குள் விலகிவிடலாம், கூட ஒரு மருந்து கலந்தால் சில மணி நேரம் நீளும். டெக்ஸாமெத்தசோன் கலந்தால் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறும். டெக்ஸ்மெடிடோமிடின் என்றால் நாடித்துடிப்பு குறையலாம், கண்ணைச் சொருகும். "அதை நான் பாத்துக்கறேன்மா" என்றீர்கள். உள்ளிருந்து இழுக்கும் வலிக்கு இந்த ஊசி கேட்காது, அதற்கு வேறு மருந்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்ததும் அதே தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள்: "ராத்திரி 1 மணிக்கு மேல் மரப்பு விலகும். பயப்பட வேண்டாம். 12 மணிக்கே நர்ஸிடம் பாரசிட்டமால் கேளுங்கள்."

அந்த ஒரு வரி இல்லாவிட்டால், வலி திரும்பியபோது தையல்தான் விட்டுப்போச்சு என்று பதறியிருப்போம். டூட்டி முடிந்த பிறகும் 12:30க்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்து நாடி எண்ணினீர்கள். "நீ சாப்டியாம்மா?" என்றுதான் அம்மா கேட்டார். 2 மணிக்கு வலி மெதுவாக வந்தது, தாங்கும் அளவில். காலையில் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு இருமினார், சளி வெளியே வந்தது. நான்தான் அழுதேன்.

சர்ஜன், நர்ஸ் அக்காமார்கள், ரத்தம் கொடுத்த இரண்டு தம்பிகள், கஞ்சி வைத்துக் கொடுத்த அத்தை, காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

இனி எங்கள் வீட்டில் யார் ஆபரேஷனுக்குப் போனாலும் மரப்பு எத்தனை மணிக்கு விலகும் என்று கேட்காமல் விடமாட்டேன்.

டாக்டர், அம்மா அந்தத் தாளை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருக்கிறார். தையல் பிரிக்க வரும்போது உங்களைப் பார்த்தே ஆகணுமாம். அடுத்த வாரம் உங்களுக்கு எந்த நாள் டூட்டி?