மொத்தப் பட்டியலில் நீ

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மல்லி வரத்து குறைவுதான், அதனால் விலை பரவாயில்லை.

பெண்கள் பிரிவுக் கோப்பையோடு நீ அனுப்பிய படத்தைத் தெருவே பார்த்துவிட்டது. ஆனால் போனில் உன் குரலில் சந்தோஷம் இல்லை. "மொத்தப் பட்டியலில் எத்தனாவது வந்தேன்னு ஒருத்தரும் கேக்கலைப்பா" என்றாய். அப்புறம், வேலையை விட்டுவிட்டு ஒரு சீசன் முழுக்க ராலி ஓட்டட்டுமா என்றாய். யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ஆதங்கம் நியாயமானது. ராலியில் ஆண், பெண் என்று பார்க்காமல் ஒவ்வொரு காரையும் இடைவெளி விட்டு அனுப்பி நேரம் எடுக்கிறார்கள். அந்த நேரத்தை வைத்து உலக அளவில் ஒரு பெண் உச்சிக்கே வந்திருக்கிறார். மிஷேல் மூட்டோன், பிரான்ஸில் கிராஸ் என்ற ஊர்க்காரர். வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன ஊர் அது. நம் தமிழ்நாட்டு மல்லியின் சாறுகூட அங்கே போகிறது. அவர் வீட்டிலும் ரோஜாவும் மல்லியும்தான் வெள்ளாமை.

முதலில் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வளைவுகளைக் குறித்து வைத்த நோட்ஸைப் படித்துச் சொல்கிற கோ-டிரைவராகத்தான் ராலிக்குள் வந்தார். அவருடைய அப்பாதான், நீயே ஓட்டு என்று ஒரு ஆல்பைன் காரை வாங்கிக் கொடுத்து, ஒரு வருஷம் கெடு வைத்தார். அதற்குள் ஓட்டத் தெரியும் என்று காட்டிவிட வேண்டும். காட்டினார். 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியை ஆடி குவாட்ரோ காரில் ஜெயித்தார். பக்கத்தில் நோட்ஸ் படித்த ஃபாப்ரிட்சியா போன்ஸும் பெண்தான். உலக ராலி சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றை ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல்முறை. அடுத்த வருஷம் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று வெற்றி. கிரீஸின் அக்ரோபோலிஸ் ராலி என்றாலே வெயிலும் கல்லும்தான். பெண்ணுக்கு உடம்பு தாங்காது என்று கல்யாண வீட்டில் பேசுகிற நம் ஆட்களிடம் அதைச் சொல்.

அந்த 1982-இல்தான் ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் ராலி. அந்த வருஷ உலகப் பட்டத்துக்கு அவரும் ஜெர்மன்காரர் வால்டர் ரோலும் நேருக்கு நேர். கிளம்புகிற நேரத்தில், புற்றுநோயில் படுத்திருந்த அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. திரும்பிவிடத்தான் நினைத்தார். அப்பா ஆசைப்பட்டது நீ ஓட்ட வேண்டும் என்றுதான், ஓட்டு என்றார் அம்மா. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் புழுதிச் சாலை. ரோலைவிட வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், கியர்பாக்ஸ் கோளாறில் நேரம் இழந்து, கடைசியில் விபத்தில் வெளியேறினார். பட்டம் ரோலுக்குப் போனது, மூட்டோனுக்கு இரண்டாம் இடம். ஒரு தகப்பனாக அந்த இடத்தை என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை. ஸ்டேஜில், அதாவது நேரம் எடுக்கிற சாலைத் துண்டில், ஓட்டும்போது எங்களைப் பற்றிய நினைப்பே உனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1985-இல் அவர் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையை 11 நிமிடம் 25 விநாடி சொச்சத்தில் ஏறிச் சாதனை படைத்தார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 156 வளைவு, அப்போது மண் ரோடு. அதைப் படித்ததும் நம் திம்பம் மலைதான் ஞாபகம் வந்தது. 27 கொண்டை ஊசி வளைவிலும் பூ வண்டியை ஓட்டிப் பழகினாயே. எதில் இரண்டாவது கியர் போதும், எதில் முதலுக்கு இறங்க வேண்டும், கரும்பு லாரி எதிரே வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்று பலகையைப் பார்க்காமலே சொல்வாய். நோட்ஸ் எழுதும் கை உனக்கு அங்கேயே வந்துவிட்டது.

உன்னிடம் குறைவது ஓட்டமும் பணமும்தான். இது உன் ஒருத்தி பாடும் இல்லை. ஜேமி சாட்விக் பெண்களுக்கான டபிள்யூ சீரிஸ் கார் பந்தயத் தொடரை மூன்று முறை ஜெயித்தார், ஆனாலும் ஃபார்முலா 1 கதவு திறக்கவில்லை. அந்தத் தொடரே 2022-இல் பணமில்லாமல் பாதியில் நின்றது. டானிகா பாட்ரிக் 2008-இல் ஜப்பானின் மோட்டேகியில் இண்டிகார் என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரின் போட்டி ஒன்றை ஜெயித்தார் என்றால், சீசன் முழுக்க நல்ல காரில் ஆண்களோடு ஓட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அதனால் பெண்களுக்கென்று யாராவது சீட் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள். அதிகம் ஓட்டக் கிடைக்கிறதல்லவா? ஆனால் நேரத்தை மட்டும் எல்லோரோடும் வைத்துப் பார். உன் கார் வகுப்பில் முதலில் வந்தவனைவிட ஸ்டேஜுக்கு எத்தனை விநாடி பின்னால் இருக்கிறாய் என்பதை எனக்கும் எழுது, கோப்பைப் படம் அதற்கப்புறம் போதும்.

ஒரு சீசன் ஓட்டு. கார் வாங்கித் தர எனக்கு வசதியில்லை. கிணற்று மேட்டை விற்கவும் மாட்டேன், அது உன் தம்பிக்கும் சேர்ந்தது. டயருக்கும் என்ட்ரி கட்டணத்துக்கும் ஆகிறதை நான் பார்த்துக்கொள்கிறேன். வாடகைக் காருக்கு உன் சேமிப்பைப் போடு, கடன் மட்டும் வாங்காதே. வருஷக் கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து நேரக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வோம்.

ஹெல்மெட் பழையதாகிவிட்டது என்று அம்மாவுக்குக் கவலை. முதலில் அதை மாற்று. கோ-டிரைவர் யார், என்ட்ரிக்குக் கடைசித் தேதி எது என்று இந்த வாரமே சொல்லிவிடு, பூ மண்டியில் முன்பணம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா